மூன்றாம் மாடிக் கடல்

தண்ணீர் இல்லாத ஊர் ஒன்று உண்டு, ஊருக்கெல்லாம் தண்ணீர் தோண்டிக் கொடுப்பதுதான் அதற்குத் தொழில், அது எங்கள் ஊர். திருச்செங்கோட்டிலிருந்து நாமக்கல் போகிற வழியில் இருக்கிறது; தெருவுக்கு நாலு போர் வண்டி நிற்கும், அந்த வண்டிகள் ராஜஸ்தான் வரை, ஒடிசா வரை போய் ஆயிரம் அடி துளைத்து யார் யார் நிலத்திலோ தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு வரும், எங்கள் நிலத்தில் துளைத்தால் புகை மட்டும் வரும். இப்படிப்பட்ட ஊருக்கு, மார்கழி மாதத்தின் கடைசிப் புதன்கிழமை, டாக்டர் அர்த்தநாரி மைக்கில் கூப்பிட்டார் என்பதற்காகக் கடல் வந்தது, வந்து அவருடைய ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில் ஏறிக்கொண்டது. கடலைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கூப்பிட்டால் வருவது மரியாதை தெரிந்தவர்கள் செய்கிற காரியம். கூப்பிட்டவர்களைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

டாக்டர் அர்த்தநாரி கெட்டிக்காரர். ஓட்டுக் கட்டடத்தில் ஊசி போட ஆரம்பித்து அதை ஐந்து மாடியாக்கியவர், நிலத்துக்கு அடியில் அறை கட்டிப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுக் கரண்டு வைக்கிற மிஷினை இறக்கியவர், அந்த மிஷினுக்கு மாலை போட்டுப் பூசணிக்காய் உடைத்த அன்று சேலம் வரைக்கும் போஸ்டர் ஒட்டியவர். அவருக்கு ஒரே ஒரு குறை, வரவேற்பறைச் சுவரில் மாட்ட ஒரு தரச்சான்று இல்லை. சான்று வேண்டுமென்றால் பேரிடர் மீட்புத் திட்டம் என்று ஒன்று வேண்டும் என்றார்கள். வெள்ளமோ தீயோ திருட்டோ வந்து கம்ப்யூட்டர்கள் செத்துப்போனாலும், நோயாளிகளின் விவரங்களைப் பழையபடி எடுத்து வேலையை நிற்காமல் நடத்துவது எப்படி என்று முன்கூட்டியே யோசித்து எழுதி, வருஷத்துக்கு ஒருமுறை ஒத்திகையும் பார்த்துக்கொள்கிற திட்டம். நல்ல காரியம்தான். எழுதினவரும் எழுதச் சொன்னவரும் அதைப் படித்திருந்தால் இன்னும் நல்ல காரியமாக இருந்திருக்கும்.

எழுதுவதற்குச் சென்னையிலிருந்து பிரணவ் என்று ஓர் ஆலோசகர் வந்தார். கழுத்தில் அட்டை, முதுகில் பை, வாய் நிறைய ஆங்கிலம். அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் ஏதோ ஒரு துறைமுகத்துக்கு இதே மாதிரித் திட்டம் எழுதிக் கொடுத்திருந்தார். ஒரு தரம் எழுதியதை மறுபடியும் எழுதுவது மடையர்கள் வேலை என்பதால், துறைமுகம் என்று வருகிற இடத்திலெல்லாம் மருத்துவமனை என்று மாற்றும்படி கம்ப்யூட்டருக்கு உத்தரவு போட்டுவிட்டு, அது மாற்றி முடிப்பதற்குள் ஒரு காபி குடித்தார். அதனால் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியின் திட்டத்தில், மருத்துவமனையில் நங்கூரமிட்டிருக்கும் கப்பல்களை முதலில் வெளியேற்ற வேண்டும் என்று இருந்தது, மருத்துவமனையை ஆண்டுதோறும் ஆழப்படுத்த வேண்டும் என்று இருந்தது, மூன்றாம் தளத்தில் கடல் புகுந்துவிட்டது என்று தலைவர் ஒலிபெருக்கியில் அறிவித்ததும் ஒத்திகை தொடங்கும், ஒத்திகை முடிந்தது என்று அவரே அறிவித்ததும் முடியும் என்றும் இருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் டாக்டர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் அதிகாரி டாக்டரின் மச்சினன் லோகநாதன். போர் வண்டித் தொழிலில் இறங்கி, வண்டியையும் தொழிலையும் ஒருசேர விட்டவர். சும்மா இருக்கிற மச்சினனை எங்கே உட்கார வைப்பது என்று டாக்டர் யோசித்தபோது குளிர்சாதனம் போட்ட அறை அது ஒன்றுதான் காலியாக இருந்தது. அவரிடம் பிரணவ் கேட்டார்: “சார், உங்க ஆர்.டி.ஓ. என்ன?”

செத்த கம்ப்யூட்டர் எத்தனை நேரத்துக்குள் எழுந்து நிற்க வேண்டும் என்பதற்கு அவர்கள் தொழிலில் அப்படியொரு சுருக்கப் பெயர். வண்டி ஓட்டிப் பிழைக்கிற ஊரில் ஆர்.டி.ஓ. என்றால் ஒரே அர்த்தம்தான், வண்டிகளைப் பிடித்து நிறுத்துகிற அதிகாரி.

“ஆர்.டி.ஓ.வுங்களா? அவரு நமக்கு வேண்டப்பட்டவருங்க. ஒரு போன் போட்டாப் போதும், உடனே முடிஞ்சுரும்.”

“உடனேவா? டைமே எடுக்காதா?”

“எதுக்குங்க டைம்? நம்ம ஆளு.”

பிரணவ் அசந்துபோனார். சென்னையில் பெரிய பெரிய பேங்குகளே மணிக்கணக்கில் நேரம் கேட்கிறார்கள். மீட்பு நேரம், உடனடி என்று எழுதிக்கொண்டு, நகல் எங்கே இருக்கிறது என்று அடுத்த கேள்வியைக் கேட்டார். விவரங்களின் நகலைப் பாதுகாப்பான வேறு இடத்தில் வைக்க வேண்டும் என்பது விதி. சாமியின் காலடியைவிடப் பாதுகாப்பான இடம் உலகத்தில் ஏது? லோகநாதன் நகல் எடுக்கிற பெட்டியைப் பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்திருந்தார். பிள்ளையார் படம் அதே கம்ப்யூட்டர் அறையில், கை எட்டுகிற தூரத்தில் இருந்தது. ஆயுத பூஜை அன்று அந்தப் பெட்டிக்குச் சந்தனத்தை அள்ளி அப்பிக் குங்குமம் வைத்துக் கும்பிட்டவர், சாமிக்கு வைத்ததைத் துடைத்தால் ஆகாது என்று அப்படியே விட்டுவிட்டார். ஒயர் சொருகுகிற ஓட்டையில் சந்தனம் காய்ந்து கல்லாகிவிட்டது. புரட்டாசியிலிருந்து அந்தப் பெட்டிக்குள் ஒரு எழுத்துகூடப் போகவில்லை. தினமும் சாம்பிராணி மட்டும் போயிற்று.

ஒத்திகை நாள் வந்தது. கீழே நர்சுகளும் டாக்டர்களும் வரிசையாக நிற்க, சான்று தருகிற குழுவுக்கு அனுப்புவதற்காக வீடியோ ஓட, டாக்டர் அர்த்தநாரி மைக்கை வாங்கித் தொண்டையைச் செருமிக்கொண்டு, “மூன்றாம் தளத்தில் கடல் புகுந்துவிட்டது” என்று படித்தார். சாமியை வரவழைக்க உடுக்கை வேண்டும், பம்பை வேண்டும், நாலு நாள் நோன்பு வேண்டும். கடலுக்கு அவ்வளவு பிகு கிடையாது. மூன்றாம் மாடி ஜன்னல்கள் முதலில் உப்பு வாடை அடித்தன, பிறகு இரைந்தன, பிறகு அந்த மாடி முழுவதும் இடுப்பளவு நீலமாக நிறைந்து அலை அடிக்கத் தொடங்கியது. திட்டத்தில் மூன்றாம் தளம் என்று இருந்ததால் அது மூன்றாம் தளத்தோடு நின்றது, படிக்கட்டின் மேல்படி வரை வந்து நுரையை விட்டுவிட்டுப் பின்வாங்கியதே ஒழிய ஒரு சொட்டு கீழே சிந்தவில்லை. மீட்டிங் ஹாலும் கணக்குப் பிரிவும் மூழ்கின, கம்ப்யூட்டர் அறை மூழ்கியது, பிள்ளையாரும் மூழ்கினார். டாக்டர் மேலே ஏறிப் போய்த் தன் சட்டையில் தெறித்த துளியை நக்கிப் பார்த்துவிட்டு, “பிரணவ், இது சரியா வந்திருக்குதா?” என்று கேட்டார். “பர்ஃபெக்ட் சார்” என்றார் பிரணவ்.

அன்று மாலை டீ வருவதற்குள் பில் போடுகிற கம்ப்யூட்டர் மட்டும் எழுந்து உட்கார்ந்துகொண்டது. அதற்கு டாக்டரின் வீட்டிலும், தோட்டத்து வீட்டிலும், மாமனார் வீட்டிலும் மணிக்கொரு நகல் இருந்தது. யாருக்கு என்ன வியாதி என்பதற்குத்தான் இல்லை.

எங்கள் ஜனங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேறு ஊராக இருந்தால் கடல் எப்படி மாடியேறியது என்று கேட்டிருப்பார்கள், எங்கள் ஊரில் லிஃப்ட் எத்தனை மணி வரை ஓடும் என்று கேட்டார்கள். பொங்கல் முடிந்த காணும் பொங்கலன்று ஆஸ்பத்திரியைச் சுற்றி வண்டி நிறுத்த இடமில்லை. கட்டுச்சோற்றைத் தூக்கிக்கொண்டு குடும்பம் குடும்பமாக மேலே ஏறிக் கால் நனைத்தார்கள், மூன்றாம் மாடி நடைபாதையில் மணல் ஒதுங்கியிருந்த இடத்தில் பட்டாணி சுண்டல் விற்றார்கள், பலூனைச் சுடுகிற துப்பாக்கி வந்தது, குதிரைக்காரன் குதிரையை லிஃப்டில் ஏற்றப் பார்த்து முடியாமல் கீழேயே சவாரி விட்டான். தை அமாவாசைக்கு ராமேஸ்வரம் போகிறவர்களெல்லாம் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எக்ஸ்ரே அறைக்கு நேர் மேலே நின்று அப்பனுக்கும் பாட்டனுக்கும் எள்ளும் தண்ணீரும் இறைத்தார்கள். கடலைக் கொண்டுவந்தது தாங்கள்தான் என்று இரண்டு கட்சிகள் எதிரெதிரே தட்டி வைத்தன. திட்டத்தில் இருக்கிறதே என்பதற்காக ஒரு செக்யூரிட்டியை மேலே நிறுத்தி, கப்பல் ஏதும் வந்தால் வெளியேறச் சொல்லும்படி விசிலைக் கொடுத்திருந்தார்கள். அவர் தினமும் கப்பல் இல்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டுச் சுண்டல் சாப்பிட்டார்.

சான்றுக் குழு வந்தது. பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு அலையில் நின்று பார்த்தது. மற்ற ஆஸ்பத்திரிகளில் ஒத்திகை என்றால் பேப்பரில் டிக் அடித்துவிட்டு பஜ்ஜி சாப்பிடுகிறார்கள், இங்கேதான் இவ்வளவு தத்ரூபமாகச் செய்திருக்கிறார்கள் என்று எழுதிப் பாராட்டிவிட்டுப் போயிற்று. நோயாளிகளின் விவரங்களை ஒருமுறை எடுத்துக் காட்டுங்கள் என்று அந்தக் குழுவில் ஒரு வாய்கூடக் கேட்கவில்லை.

கேட்டவள் வசந்தாமணி. அவள் புருசன் நாச்சிமுத்து இருபது வருஷம் போர் வண்டியில் நின்றவர், ஊர் ஊராகக் கல்லைத் துளைத்துப் பறந்த புழுதியையெல்லாம் தொண்டையில் வாங்கிக்கொண்டவர், அந்தத் தொண்டையில்தான் தீபாவளி சமயம் புற்று என்று கண்டுபிடித்தார்கள். கார்த்திகையில் கரண்டு வைக்க ஆரம்பித்தார்கள். தினமும் காலையில் பாதாள அறைக்கு இறங்குவார், முகத்தில் வலை மாதிரி ஒரு மூடியைப் போட்டு மேசையோடு சேர்த்து இறுக்குவார்கள், மிஷின் சுற்றும், எழுந்து வருவார். கழுத்து கருகித் தோல் உரிந்தாலும் வலி குறைந்திருந்தது, கஞ்சி இறங்கியது, போன குரலில் பாதி திரும்பி வந்து வசந்தாமணியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது. வைக்க வேண்டியதில் பாதி வைத்திருந்தபோது கடல் வந்துவிட்டது.

பாதாள அறையில் மிஷினுக்கு ஒன்றுமே ஆகவில்லை. துடைத்து வைத்தது போல நின்றது. கரண்டு வைக்கிற டாக்டரம்மாவும் நல்லவர்தான், வசந்தாமணியை உட்கார வைத்துச் சொன்னார்.

“எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம், இதுவரைக்கும் எவ்வளவு வெச்சிருக்கோம், எல்லாமே மேல கம்ப்யூட்டர்லதாம்மா இருக்கு. அது தெரியாம வெச்சா முதுகுத்தண்டு வெந்துடும்.”

“கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போகட்டுங்களா?”

“அங்கயும் இதைத்தான் கேட்பாங்க.”

கூட்டிக்கொண்டு போனாள். அங்கேயும் அதைத்தான் கேட்டார்கள். திரும்பி வந்து, “நடுவுல உட்டா என்னாகுமுங்க?” என்று கேட்டாள்.

டாக்டரம்மா மேசையைப் பார்த்துக்கொண்டே, “விடக்கூடாதும்மா. விட்ட நாளெல்லாம் அது வளரும்” என்றார்.

வசந்தாமணி டாக்டர் அர்த்தநாரியைப் பார்க்க ஒரு முழுநாள் காத்துக்கிடந்தாள். சான்றுக்கு வாழ்த்துச் சொல்ல வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு உள்ளே விட்டார்கள்.

“முடிஞ்சுதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சாமி. கடல் போயிரும். கம்ப்யூட்டரத் தொடச்சு, எங்கூட்டுக்காரரோடத எடுத்துக் குடுத்துருங்க.”

“அம்மிணி, நீ வெவரம் தெரியாமப் பேசற” என்றார் டாக்டர். “இப்ப நடக்கறது ஒத்திகை. ஒத்திகைல எதுவும் தொலையாது. முடிஞ்சுதுன்னு நான் சொன்னாத்தான் என்ன போச்சு, என்ன இருக்குதுன்னு பாக்கோணும். சொல்லாத வரைக்கும் உம் புருசனோடது பத்திரமா இருக்குது.”

“பத்திரமா எங்கீங்க இருக்குது?”

“திட்டத்துல இருக்குது.”

பக்கத்தில் நின்ற லோகநாதன், ஆமாம் என்று தலையாட்டினார். இப்படிப்பட்ட தலைகளை நம்பித்தான் ஊரே தன் ரத்தத்தையும் சதையையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் படுத்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

வசந்தாமணி அழவில்லை. லிஃப்டில் ஏறி மூன்றாம் மாடிக்குப் போனாள். சுண்டல் தின்கிறவர்களையும் போட்டோ எடுக்கிறவர்களையும் விலக்கிக்கொண்டு போய், ஒதுங்கிக் கிடந்த மணலை முந்தானை நிறைய அள்ளினாள். படி வழியாகவே இறங்கி, தண்ணீர் சொட்டச் சொட்ட ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்று, தலைமுடியை அவிழ்த்துவிட்டு, அந்த மணலைக் கைகையாக வாரிக் கட்டடத்தின் மேல் தூற்றினாள்.

“எம் புருசன் தொண்டைல கஞ்சி இறங்குலீங்கடா! உங்க தொண்டைல சோறு இறங்குமா? என் வயிறு எரியறாப்புல இந்த ஊடு எரியோணும்! இந்த வாசல்ல இனி மேளச் சத்தம் கேக்கப்படாது!”

கடலுக்கு அசையாத டாக்டர் மணலுக்கு அசைந்தார். மாசியில் அவர் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தது, பத்திரிகை அடித்தாகிவிட்டது. வயிறெரிந்து ஒரு பெண்பிள்ளை மண் வாரித் தூற்றினால் அந்த வீட்டில் தாலி ஏறாது என்பது ஐந்து மாடி கட்டினவருக்கும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. வெளிறிப்போய் மைக்கைத் தேடி எடுத்து, “ஒத்திகை முடிந்தது” என்றார். அவ்வளவுதான். அலை ஒருமுறை உள்ளுக்கு இழுத்தது, இழுத்தது திரும்பி வரவில்லை, பேரன் தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் வெறும் தரையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். வரச் சொன்னபோது வந்த கடல் போகச் சொன்னபோது போய்விட்டது. சுண்டல்காரருக்குத்தான் மனசே ஆறவில்லை.

உள்ளே போய்ப் பார்த்தார்கள். கம்ப்யூட்டர்களின் மேல் சிப்பி முளைத்திருந்தது, ஒன்றின் வயிற்றிலிருந்து நண்டு இறங்கி நடந்தது. எல்லாமே செத்திருந்தன. லோகநாதன் ஆர்.டி.ஓ.வுக்கு நிஜமாகவே ஒரு போன் போட்டார் என்றும், அந்த மனிதர் திட்டிவிட்டு வைத்துவிட்டார் என்றும் சொல்கிறார்கள். ஆனால் பிள்ளையாருக்கு முன்னால் இருந்த நகல் பெட்டியை எடுத்துப் பார்த்தபோது, ஓட்டையை அடைத்திருந்த சந்தனம் ஒரு துளி உப்புத் தண்ணீரைக்கூட உள்ளே விடவில்லை. சுரண்டி எடுத்துப் புது கம்ப்யூட்டரில் சொருகினார்கள், உயிரோடு இருந்தது. ஆயுத பூஜை வரைக்கும் ஆஸ்பத்திரிக்கு வந்த அத்தனை பேரின் விவரமும் அட்சரம் பிசகாமல் இருந்தது. லோகநாதன் கன்னத்தில் போட்டுக்கொண்டார், பிரணவ் அவரைக் கட்டிப்பிடித்தார், மீட்பு நூற்றுக்கு நூறு வெற்றி என்று அறிக்கை போயிற்று.

அன்றிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் புரட்டாசி மாதம் நடந்தது. ஐப்பசியில் செத்துப்போனவர்களுக்கு, நாளை மறக்காமல் மறுபரிசோதனைக்கு வரவும் என்று செல்போனில் செய்தி வந்தது, அவர்கள் வீட்டில் ஒப்பாரி மறுபடி ஒருமுறை நடந்தது. கார்த்திகையில் பிறந்த குழந்தையைத் தடுப்பூசிக்குத் தூக்கிக்கொண்டு போன பெண்ணிடம், உங்களுக்கு இன்னும் மாசம் ஆகவில்லை, போய் ஓய்வெடுங்கள் என்றார்கள். எங்கள் ஜனங்கள் அதற்கும் பழகிக்கொண்டார்கள். கம்ப்யூட்டரில் அப்படித்தான் இருக்கிறது என்றால், நாம்தான் அவசரப்பட்டுவிட்டோம் போலிருக்கிறது என்று தலையைச் சொறிந்துகொண்டு திரும்பினார்கள்.

தரச்சான்றைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டிய அன்று ஊரையே கூப்பிட்டிருந்தார்கள். நாங்களும் லட்டுக்காகப் போயிருந்தோம். வசந்தாமணி புருசனோடு வரிசையில் நின்றாள். காலையில் டாக்டரம்மா டார்ச் அடித்து நாச்சிமுத்துவின் தொண்டையைப் பார்த்திருந்தார், பார்த்துவிட்டு டார்ச்சை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு, எதற்கும் முன்பக்கம் போய்ப் பதிந்துகொண்டு வாருங்கள் என்று மட்டும் சொல்லியிருந்தார். வரிசை நகர்ந்தது. கவுன்டரில் இருந்த பெண் பேரைக் கேட்டாள், தட்டிப் பார்த்தாள், இன்னொரு தரம் தட்டிப் பார்த்தாள்.

“நாச்சிமுத்துன்னு யாருமே இல்லீங்களே. மொதத் தடவையா வர்றீங்களா?”

நாச்சிமுத்து வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. கழுத்தில் சுற்றியிருந்த துண்டை மெதுவாக அவிழ்த்துக் காட்டினார். தோல் கருகித் தீய்ந்து, கரண்டு வைப்பதற்காக மையால் போட்ட அடையாளம் இன்னும் நீலமாகத் தெரிய, அதன் அடியில் கழுத்து ஒரு பக்கமாகப் புடைத்திருந்தது. அந்தப் பெண் கழுத்தையும் பார்த்தாள், திரையையும் பார்த்தாள். அவள் திரையை நம்பினாள்.

கூட்டத்தில் லட்டுத் தட்டோடு வந்த டாக்டர் அர்த்தநாரி அவர்களைப் பார்த்துவிட்டு நின்றார். அன்று அவர் மனம் விசாலமாக இருந்தது, மண் தூற்றியதைக்கூட மன்னித்திருந்தார். “புதுசா ஒரு கார்டு போட்டுருங்க, அம்மிணிகிட்டக் காசு வாங்காதீங்க” என்று கவுன்டருக்குச் சொன்னார். “ஸ்கேன்ல இருந்து எல்லாத்தையும் மொதல்ல இருந்து ஆரம்பிச்சுரலாம்” என்று ஒரு லட்டை எடுத்து நாச்சிமுத்துவின் உள்ளங்கையில் வைத்தார்.

“அவரால முழுங்க முடியாதுங்க” என்றாள் வசந்தாமணி. லட்டை எடுத்துக் கவுன்டர் மேல் வைத்துவிட்டு, துண்டை மறுபடி புருசனின் கழுத்தில் சுற்றிவிட்டாள்.

“செரி, நல்லபடியாப் போயிட்டு வாங்க” என்றார் டாக்டர்.

எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் போயிட்டு வர்றேன் என்று சொல்லாமல் படி இறங்க மாட்டார்கள், சண்டை போட்டுக்கொண்டு கிளம்புகிறவள்கூட வாசலில் நின்று அதை முணுமுணுத்துவிட்டுத்தான் போவாள். எழவு வீட்டில் மட்டும்தான் அதைச் சொல்வதில்லை. வசந்தாமணி சொல்லவில்லை. திரும்பிப் பார்க்காமல் வாசலைத் தாண்டிப் படி இறங்கினாள், நாச்சிமுத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு உயிரோடு அவள் பக்கத்தில் நடந்தார்.